பழைய நெகட்டிவ், ஸ்லைடுகளை ஸ்கேன் செய்ய ஸ்கேனர் வாங்கும் முன்: நான் பட்ட பாடு

பழைய படங்களைக் கணினியில் ஏற்ற ஒரு பிளாட்பெட் ஸ்கேனர் (கண்ணாடி மேல் படத்தை வைத்து மூடியை மூடும் வகை) வாங்கலாம் என்று தேடினால், எல்லா இடத்திலும் ஒரே எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: இத்தனை டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி படிக்கும் என்ற கணக்கு. அந்த எண்ணை நம்பி ஒரு ஸ்கேனர் வாங்கினேன். பாதி விலைக்கு விற்றேன். இன்னொன்று வாங்கினேன். அதைத் தேவையே இல்லாமல் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இதற்கு நடுவில் பல மாதங்களின் சனி ஞாயிறுகள் போயே போய்விட்டன. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் யாரும் இல்லை. தட்டுத் தடுமாறித் தனியாகக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்களுக்காவது அந்தச் செலவு மிச்சமாகட்டும்.

என்னிடம் வந்து சேர்ந்தது பெரியப்பாவின் சேகரிப்பு. இளவயதிலிருந்தே கேமராவும் கையுமாகத் திரிந்தவர். இப்போது பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. கையில் வைத்துப் பார்த்தால் படம் தெரிவதில்லை, பெரிய திரையில் போட்டால் தெரிகிறது. “ஏம்மா, நீதான் நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கியே, இதையெல்லாம் அதுல ஏத்திக் குடுத்துடேன்” என்று இரண்டு டிரங்குப் பெட்டிகளை என் பக்கம் தள்ளிவிட்டார். உள்ளே ஆல்பங்கள், கவர்களில் ஆறு ஆறு படங்களாக வெட்டி வைத்த கலர் நெகட்டிவ்கள், டப்பாக்களில் சுருட்டிய நிலையிலேயே இருந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள், அட்டை மவுண்ட் போட்ட ஸ்லைடுகள், அதாவது படம் நேர் நிறத்திலேயே தெரியும் ஃபிலிம் துண்டுகள். ஒவ்வொரு ஸ்லைடின் அட்டையிலும் பென்சிலால் ஊர், மாதம், வருஷம் எழுதியிருந்தார்.

முதலில் வாங்கியது ஒல்லியான, அழகான ஸ்கேனர். தனியாக மின்சார இணைப்புகூடத் தேவையில்லை, யூஎஸ்பி ஒயர் ஒன்றே போதும். பெட்டியின் மேல் 4800 டிபிஐ. பிரிண்ட் ஒன்றை வைத்து ஸ்கேன் செய்தேன், அருமையாக வந்தது. அடுத்து ஒரு நெகட்டிவை வைத்தேன். திரையில் வந்தது ஒரு கறுப்புப் பட்டை. திருப்பி வைத்தாலும் கறுப்பு, டிபிஐயைக் கூட்டினாலும் கறுப்பு. கண்ணாடிக்கு மேலே போனில் வெள்ளைத் திரையைப் போட்டு வைத்துப் பார்த்தேன். படத்துக்குப் பதிலாகப் போன் திரையின் புள்ளிகள்தான் வரிவரியாக விழுந்தன. அன்று இரவு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஃபிலிமை ஸ்கேன் செய்யாது என்று அந்தப் பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் போதுமே.

காரணம் இதுதான். பிரிண்டின் மேல் விளக்கு பட்டு, திரும்பி வரும் வெளிச்சத்தை ஸ்கேனர் படிக்கிறது. நெகட்டிவும் ஸ்லைடும் அப்படியல்ல. வெளிச்சம் அவற்றுக்கு ஊடாக வர வேண்டும். அதனால் ஸ்கேனரின் மூடிக்குள் இன்னொரு விளக்கு இருந்தாக வேண்டும். கடைக்குப் போனால் டிபிஐ கேட்பதற்கு முன் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடியோ பால் நிறப் பிளாஸ்டிக்கோ போட்ட விளக்குப் பட்டை தெரிகிறதா? கூடவே ஃபிலிமையும் ஸ்லைடையும் செருகும் ஹோல்டர்கள் பெட்டியில் இருக்கின்றனவா? இரண்டும் இல்லையென்றால் அது பிரிண்டுக்கும் ஆவணங்களுக்கும் மட்டுமான ஸ்கேனர். அந்தப் பட்டையின் அகலத்தையும் பாருங்கள். எப்சன் வி600 போன்றவற்றில் அது குறுகலானது: 35 மிமீ ஃபிலிமுக்கும், பழைய 120 ரோல் ஃபிலிமுக்கும் போதும். அதைவிடப் பெரிய ஷீட் நெகட்டிவ்கள் வீட்டில் இருந்தால் வி850 போல 8க்கு 10 அங்குலம் வரை வெளிச்சம் விழும் ஸ்கேனர் வேண்டும்.

அந்த ஒல்லி ஸ்கேனரை ஆல்பங்களுக்காவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதிலும் சிக்கல். ஆல்பத்தின் தையல் பக்கம் பக்கம் லேசாக எழும்பி நிற்கும் அல்லவா, அந்த இடமெல்லாம் கலங்கிப் போயிற்று. ஓரம் சுருண்ட பிரிண்டுகளும் அப்படியே. ஸ்கேனர்களுக்குள் இரண்டு ஜாதி உண்டு. ஒல்லியானவற்றில் இருப்பது சிஐஎஸ் சென்சார். தாளின் அகலத்துக்கு நீண்டு, கண்ணாடிக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு ஓடும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை நன்றாகப் படிக்கும், ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே தடுமாறும். தடிமனான ஸ்கேனர்களில் இருப்பது சிசிடி. உள்ளே கண்ணாடிகளும் ஒரு லென்ஸும் வைத்துப் படத்தைச் சுருக்கிச் சென்சாரில் விழ வைப்பார்கள். அதனால் சில மில்லிமீட்டர் உயரம் வரை தெளிவு தாங்கும். ஹோல்டரில் வைத்த ஃபிலிம் கண்ணாடிக்குச் சற்று மேலே நிற்பதால் ஃபிலிமுக்குச் சிசிடிதான் சரி. தடிமனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இந்த வேலைக்கு வேண்டியதே அந்த உள்ளிடம்தான்.

இரண்டாவதாக வாங்கியது மூடியில் விளக்குள்ள சிசிடி ஸ்கேனர். விலை கையைக் கடித்தது. முதல் ஸ்கேனரை விற்ற பணம் அதில் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. பெட்டியில் 6400 டிபிஐ என்றிருந்ததால், கொடுத்த காசுக்கு முழுவதையும் வாங்கிவிட வேண்டும் என்று எல்லா நெகட்டிவையும் 6400இல் ஓடவிட்டேன். கணக்கைப் பாருங்கள். 35 மிமீ ஃபிலிமில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர். 6400 டிபிஐயில் அது கிட்டத்தட்ட 5.5 கோடி பிக்சல். சுருக்காத டிஃப் ஃபைலாகச் சேமித்தால் 24 பிட்டில் (பிட் என்பது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் பதியும் நுணுக்கம்) ஏறக்குறைய 165 எம்பி, 48 பிட்டில் அதற்கு இரட்டிப்பு. ஒரு ரோல் முடிவதற்குள் கணினி திணறி, ஹார்ட் டிஸ்க் நிரம்பி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

அதில் பாதிக்கு மேல் வெறும் காற்று என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் போட்டிருப்பது மோட்டார் எத்தனை நுணுக்கமாக நகர்கிறது, சென்சாரில் எத்தனை புள்ளி இருக்கிறது என்ற கணக்கு. லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் வேறு. சோதனை அட்டை வைத்து அளந்தவர்களின் கணக்கில், 6400 போட்ட வி600 வகைக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 1500 டிபிஐ சொச்சம், வி850 வகைக்குச் சுமார் 2300. எந்தப் பிளாட்பெட்டை எடுத்தாலும் இந்த இடைவெளி இருக்கும். என் வீட்டில் நான் செய்த சோதனை எளிமையானது. பெரியப்பா எடுத்த ரயில் படம் ஒன்றில் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எண் இருக்கிறது. அதே நெகட்டிவை 1200, 2400, 3200, 6400 என்று நான்கு விதமாக ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் திரையில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1200இல் அந்த எண் ஒரு கறை. 2400இல் 3ஐயும் 8ஐயும் பிரித்துப் படிக்க முடிந்தது. 3200இல் ஓரம் ஒரு துளி மென்மையானது. 6400இல் அதே எண் அதே தெளிவில்தான் இருந்தது, ஃபைல் மட்டும் பூதாகாரமானது. அன்றோடு 2400க்கு இறங்கினேன். 2400 டிபிஐயில் ஒரு 35 மிமீ படம் சுமார் 3400க்கு 2270 பிக்சல் வரும். 11 அங்குல அகலத்துக்கு நன்றாகப் பிரிண்ட் போடலாம், திரைக்குத் தாராளம். நீங்களும் ஸ்கேனர் வந்த முதல் நாளே சிறிய எழுத்துள்ள ஒரு படத்தை எடுத்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சலான கதை. சில வாரம் ஒழுங்காக ஓடிய ஸ்கேனரில் திடீரென்று எல்லா ஃபிலிம் ஸ்கேனிலும் ஒரு பச்சைக் கோடு விழ ஆரம்பித்தது. மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தது போல நேர்க்கோடு, எந்த ஃபிலிமை வைத்தாலும் அதே இடம். பிரிண்டுகளில் மட்டும் அந்தக் கோடு விழவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், போகவில்லை. தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போனேன். பார்த்தவர் சென்சார் போய்விட்டது என்றார்; மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகை ஸ்கேனர் விலையில் பாதி. யோசித்துச் சொல்கிறேன் என்று பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, கனத்த மனதோடு திரும்பி வந்தேன்.

சென்சாரில் ஒன்றுமே இல்லை. ஃபிலிம் ஹோல்டரின் ஒரு முனையில் படம் வைக்க முடியாத ஒரு திறந்த ஜன்னல் இருக்கும். ஒவ்வொரு ஃபிலிம் ஸ்கேனுக்கும் முன்பு ஸ்கேனர் அந்த ஜன்னல் வழியாக வெறும் வெளிச்சத்தைப் பார்த்து, இதுதான் சுத்த வெள்ளை என்று தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்த இடத்தில், கண்ணாடியின் மேல், ஒரு பொடி முடி ஒட்டியிருந்தது. கண்ணால் நேராகப் பார்த்தால் தெரியாது, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தபோதுதான் மின்னியது. ஊதல் பந்தால் இரண்டு தடவை அழுத்தி ஊதினேன், கோடு போய்விட்டது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. ஃபிலிமில் மட்டும் நேர்க்கோடு வந்தால் முதலில் அந்த ஜன்னலைப் பாருங்கள், அதற்கு நேர் மேலே மூடியிலும் பாருங்கள். அங்கே எதையும் ஒட்டவோ வைக்கவோ கூடாது. அதோடு, பிரிண்டுக்காக மூடியில் மாட்டியிருக்கும் வெள்ளைத் தகட்டை ஃபிலிம் ஸ்கேன் செய்யும்போது கழற்றிவிட வேண்டும். மாட்டியே இருந்தால் வெளிச்சம் மறைந்து படம் கறுப்பாகத்தான் வரும். சர்வீஸுக்கோ வேறு வீட்டுக்கோ எடுத்துப் போகும்போது உள்ளே ஓடும் பாகத்தைப் பூட்டும் ஒரு லாக் சில மாடல்களில் உண்டு. பூட்டி எடுத்துப் போங்கள், மறுபடி மின்சாரம் கொடுப்பதற்கு முன் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

ஃபிலிமைத் தட்டையாக வைப்பது தனிப் பாடு. டப்பாவில் பல வருஷம் சுருண்டு கிடந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஹோல்டரில் வைத்ததும் நடுவில் வளைந்து எழும்பும். ஓரம் தெளிவு, நடு கலங்கல். சில இடத்தில் தொய்ந்து கண்ணாடியைத் தொட்டால், அங்கே எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் போல வளையம் வளையமாகக் கோடு வரும். இதை நியூட்டன் வளையம் என்கிறார்கள். வெட்டி, கவரில் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடுகிறது. அதற்கும் மசியாதவற்றுக்கு ஆன்டி நியூட்டன் கண்ணாடி என்று லேசாகச் சொரசொரப்பாக்கிய கண்ணாடித் துண்டு கிடைக்கிறது. அதை மேலே வைத்து அழுத்தலாம். ஹோல்டரின் உயரம் உங்கள் ஸ்கேனரின் லென்ஸுக்குச் சரியாக அமைந்திருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு மூலையிலும் மெல்லிய அட்டைத் துண்டுகளை ஒட்டி, ஒவ்வொரு அட்டையாகக் கூட்டி ஒரே படத்தை ஸ்கேன் செய்து பார்த்ததில், என் ஹோல்டரில் ஒற்றை அட்டைத் தடிமனுக்கே தெளிவு கூடியது. காசு செலவில்லாமல் கிடைத்த தெளிவு. உயரம் மாற்றும் வசதியோடு ஹோல்டர் வந்தால் அதுவே ஒரு ஸ்கேனரைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம் என்று இப்போது சொல்வேன்.

அடுத்தது தூசி. பிரிண்டில் தெரியாத தூசி நெகட்டிவில் மலையாகத் தெரியும், ஏனென்றால் ஒரு அங்குலச் சொச்சம் அகலமுள்ள படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்குகிறோம். இதற்காகத்தான் டிஜிட்டல் ஐஸ் போன்ற அகச்சிவப்புக் கதிர்த் துடைப்பு. கலர் ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பை ஊடே விட்டுவிடும், தூசியும் கீறலும் மறைக்கும். அந்த வித்தியாசத்தை வைத்து எங்கே தூசி என்று கண்டுபிடித்து நிரப்பிவிடுகிறது. கலர் நெகட்டிவில் இது செய்த வேலையைப் பார்த்து மலைத்துப் போனேன். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் மவுஸை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக அழிக்க வேண்டியதை, கூடுதலாக ஓரிரு நிமிடம் எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறது. கலர் ஃபிலிம் நிறைய வைத்திருப்பவர்கள் அகச்சிவப்பு வசதி இல்லாத ஸ்கேனரை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆனால் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அதைப் போட்டுவிடாதீர்கள். அங்கே படமே வெள்ளித் துகளால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். ஆகவே ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்துக்கொண்டு முகங்களைத் துடைத்து மெழுகுகிறது. பெரியப்பாவின் அம்மா படம் ஒன்றில் கண் இருந்த இடம் வழவழப்பாக வந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். நெகட்டிவ்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று பதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. கறுப்பு வெள்ளையிலும் கலர் முறையில் கழுவும் ஃபிலிம்கள் உண்டு, இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மாதிரி. அவற்றில் வெள்ளி மிஞ்சாது, ஐஸ் வேலை செய்யும். கோடாக்ரோம் ஸ்லைடுகளிலும் கவனம் வேண்டும். 1935இல் வந்து 2009இல் தயாரிப்பு நின்ற ஃபிலிம் அது. இருட்டில் வைத்தால் நிறம் மங்காமல் நிற்பதில் பெயர் பெற்றது, ஆனால் அகச்சிவப்புக்குச் சரியாக ஒத்துழைக்காது. சில படத்தில் ஓரங்களைத் தின்றுவிடுகிறது. மவுண்டில் பெயர் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் மங்கலான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உருவத்தின் கோடுகள் மேடு பள்ளமாகத் தெரியும்.

ஐஸ் உதவாத ஃபிலிமுக்குக் கைவேலைதான். ஊதல் பந்து, மென்மையான பிரஷ், பருத்திக் கையுறை. ஃபிலிமைத் தண்ணீரில் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூஞ்சை பிடித்த ஃபிலிமில் படம் இருக்கும் ஜெலட்டின் படலம் இளகிப் போயிருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்து படத்தோடு போய்விடும். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கும்போதும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், கண்ணாடி மேல் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

ஸ்லைடுகள்தான் பிளாட்பெட்டுக்குக் கடினமான பரீட்சை. பிரிண்டில் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள தூரம் குறைவு, ஸ்லைடில் மிக அதிகம். மாலை வெயிலில் எடுத்த ஒரு மலைப் படத்தைக் கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் பிடித்தால் நிழலுக்குள் நிற்கும் மாடுகள் தெரிகின்றன. ஸ்கேனில் அந்த நிழல் முழுக்கக் கறுப்பாக, அதற்குள் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். விளம்பரத்தில் டி-மேக்ஸ் என்று ஓர் எண் வரும், எத்தனை இருண்ட இடம் வரை ஸ்கேனரால் படிக்க முடியும் என்பதைத்தான் அது சொல்கிறது. டிபிஐ எண்ணைப் போலவே அதையும் அப்படியே நம்ப முடியாது. 48 பிட்டில் ஸ்கேன் செய்வதும், ஒரே படத்தை இரண்டு வெளிச்ச அளவில் படித்துச் சேர்க்கும் வசதியுள்ள சாஃப்ட்வேரும் ஓரளவு உதவின. சில்வர்ஃபாஸ்ட், வியூஸ்கேன் இரண்டிலும் அந்த வசதி உண்டு. கண்ணாடி மவுண்டுக்குள் இருக்கும் ஸ்லைடுகளைப் பொறுமையாக வெளியே எடுத்துவிடுவதே நல்லது; ஒரு ஸ்லைடுக்குத் துடைக்க வேண்டிய பரப்பு நான்கு கூடிவிடுகிறது, நியூட்டன் வளையமும் வருகிறது.

நேரக் கணக்கை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். என் ஸ்கேனரில் 2400 டிபிஐயில் ஐஸோடு ஒரு கலர் படத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. ஆயிரம் படம் என்றால் ஸ்கேனர் ஓடும் நேரம் மட்டும் 50 மணி வரை போகும். தூசி ஊதி, ஹோல்டரில் செருகி, நேராக்கி, பெயர் வைக்கும் நேரம் தனி. எனவே ஹோல்டரில் ஒரே தடவையில் எத்தனை படம் பிடிக்கும் என்பது பெரிய விஷயம். வி600இல் நெகட்டிவ் என்றால் 12 படம், மவுண்ட் போட்ட ஸ்லைடு என்றால் நான்கே நான்கு. வி850இல் 18 படம், 12 ஸ்லைடு. நெகட்டிவ் அதிகமுள்ளவருக்கு இந்த வித்தியாசம் பரவாயில்லை. ஸ்லைடு பெட்டி பெட்டியாக வைத்திருப்பவர் நான்கு நான்காக மாற்றி மாற்றி மனம் வெறுத்துப்போவார். நான் வெறுத்துப்போனேன். ஒரு கட்டத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போவதையே தள்ளிப் போட்டேன், “எவ்வளவு முடிஞ்சுதும்மா?” என்று கேட்பாரே என்று.

இங்கே ஒரு வழி எனக்குக் கைகொடுத்தது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஒரு வெளிச்சப் பலகையில் ஸ்லைடுகளைப் பரப்பி, போன் கேமராவில் படமெடுத்து, பெரியப்பா வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரே சொன்னார். மேகங்களாக எடுத்துத் தள்ளிய ஒரு பெட்டி முழுவதையும் “இது போகட்டும், எவனும் பாக்க மாட்டான்” என்று தள்ளினார். குவியல் பாதியானது. ஒரே உருவத்தை நான்கு தடவை எடுத்ததில் நல்லது ஒன்று போதும். இந்த வடிகட்டலை ஸ்கேனர் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். அப்போதுதான் உங்கள் குவியலில் எது அதிகம் என்று தெரியும், அதை வைத்துத்தான் எந்த ஸ்கேனர் என்று முடிவெடுக்க வேண்டும். பிரிண்ட் மட்டும் என்றால் மலிவான ஒல்லி ஸ்கேனரே போதும். பிரிண்டும் நெகட்டிவும் கலந்திருந்தால், அல்லது 120 ஃபிலிம் இருந்தால், மூடியில் விளக்குள்ள பிளாட்பெட். எல்லாமே 35 மிமீ, அதுவும் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்றால் பிளாட்பெட்டையே விட்டுவிட்டு பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ மாதிரி ஃபிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனரைப் பாருங்கள். பெட்டியில் 7200 என்றிருந்தாலும் உண்மையில் கிடைப்பது 3000 டிபிஐக்குச் சற்று மேலே, அது எந்தப் பிளாட்பெட்டையும் விட அதிகம். ஆனால் படம் படமாகக் கையால் நகர்த்த வேண்டும். மேக்ரோ லென்ஸும் நல்ல கேமராவும் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்கள் வெளிச்சப் பலகையில் ஸ்லைடைப் படமெடுப்பதே வேகமான வழி. அதில் ஐஸ் கிடையாது, தூசி முழுக்க உங்கள் பொறுப்பு.

பிரிண்டுகளைப் பற்றிக் கொஞ்சம். 4க்கு 6 அங்குலப் பிரிண்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 86 லட்சம் பிக்சல், அதற்கு மேல் போக வேண்டாம். பிரிண்டிலேயே அவ்வளவுதான் இருக்கும். நெகட்டிவ் கையில் இருந்தால் பிரிண்டை விட்டுவிட்டு நெகட்டிவையே ஸ்கேன் செய்யுங்கள், பிரிண்ட் போட்டபோது வெட்டுப்பட்ட ஓரங்கள்கூடத் திரும்பி வரும். தேன்கூடு மாதிரி சொரசொரப்பான பட்டுத் தாள் பிரிண்டுகள் ஸ்கேனரின் ஒரு பக்க வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தலைப்பக்கம் கீழே வரும்படி சுற்றி வைத்து இரண்டாம் முறை ஸ்கேன் செய்து இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தினால் நிறையக் குறையும். பசைப் பக்கமும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள ஆல்பங்களிலிருந்து பிரிண்டைப் பிய்க்காதீர்கள், பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். அசையவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடலாம். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், எடுக்காமல் விட்ட பிரிண்டுகளில் யார் யார் என்று கேட்டுக்கொண்டு மறுபடி ஆல்பத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

பழைய ஸ்கேனர் மலிவாக வருகிறது என்றால் மூன்று விஷயம் பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கலாக இருக்கிறதா, எல்லா ஹோல்டர்களும் இருக்கின்றனவா, உங்கள் கணினிக்கு டிரைவர் கிடைக்கிறதா. கடைசியதற்கு வியூஸ்கேன் பல நேரம் வழி விடும். கம்பெனி கைவிட்ட பல ஸ்கேனர்களைப் புதிய கணினிகளிலும் ஓட்டுகிறது. ஹோல்டர் இல்லாத ஸ்கேனரை மட்டும் தொடவே வேண்டாம். தனியாக வாங்கப் போனால் மலிவாக வந்த லாபம் போய்விடும்.

ஸ்கேன் ஆனவற்றைச் சேமிக்கும் விஷயத்தில் எனக்குத் தலைவலி கொடுத்தது தேதி. ஸ்கேன் செய்த நாளையே படமெடுத்த நாளாகக் கணினி எடுத்துக்கொள்வதால், பெரியப்பாவின் இளவயதுப் படங்களெல்லாம் இந்த வருஷத்துப் படங்களோடு கலந்து நின்றன. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேதியைத் திருத்தினேன். ஃபைல் பெயரில் வருஷம், ரோல் எண், ஃபிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் 12, 12ஏ என்ற பட எண் மூன்றையும் போடுகிறேன். ஒரு படத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் நேராக அந்த நெகட்டிவைப் போய் எடுக்கலாம். திருத்தாத மூலத்தை டிஃபாகவும், பார்க்கவும் பகிரவும் ஜேபெக்காகவும் வைத்திருக்கிறேன். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

நெகட்டிவ்களை ஸ்கேன் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புளிக்காடி (வினிகர்) வாசம் வரும் ஃபிலிம்களை மட்டும் தனியாகப் பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஃபிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். மற்றவை புதுக் கவர்களில், ஈரமில்லாத இருட்டில் இருக்கட்டும். எனக்கு இன்னும் கோடாக்ரோம் பெட்டிகள் சில பாக்கி. ஃபிலிம் ஸ்கேனர் வைத்திருக்கும் தோழி ஒருத்தி ஒரு மாதம் இரவல் தருகிறேன் என்றிருக்கிறாள். நிழலில் மாடுகள் நிற்கும் அந்த மலைப் படத்தைத்தான் அதில் முதலில் வைக்கப் போகிறேன், என் பிளாட்பெட் ஸ்கேனோடு பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மீதிப் பெட்டிகளை எதில் போடுவது என்று முடிவெடுப்பேன்.